மணிக்கு ஒரு ஜாகை

வீடு தேடுவதில் உள்ள கஷ்டங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. வாடகை, முன்பணம், தண்ணீர், வீட்டுக்காரரின் சுபாவம், அவருடைய மாமியாரின் சுபாவம் ஆகிய எல்லாவற்றையும் பற்றி நேயர்கள் படித்திருப்பார்கள். பலர் அனுபவித்தும் இருப்பார்கள். ஆனால் நாய்க்காக வீடு தேடியவன் தன் அனுபவத்தை எழுதி நான் படித்ததில்லை. ஏறக்குறைய ஆறு மாத காலம் அந்தக் காரியத்தில் ஈடுபட்டவன் என்ற உரிமையைக் கொண்டு இதை எழுதத் துணிகிறேன்.

தேடிய ஊர்கள் இரண்டு. ஒன்று, பாலாற்றங்கரையில் உள்ள வாணியம்பாடி. மற்றொன்று, ஜெர்மனியில் மெயின் நதிக்கரையில் உள்ள ஆபன்பாக். முன்னதில் தேடியவன் நான். பின்னதில் தேடியவன் என் தம்பி. நாய் மட்டும் ஒன்றேதான்.

சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்குச் செல்லும் ரயிலில் ஆம்பூரைத் தாண்டியதும், ஒரு பக்கம் ஜவ்வாது மலைத் தொடர் நீல நிறமாய்த் தெரிய, அடுத்து வருவது வாணியம்பாடி. ஊருக்கு நான் புதிதாக வந்தபோது, இறங்கியவுடன் என்னை வரவேற்றது மூக்கு அறியும் செய்தியே. தோல் பதனிடும் ஊர் இது. உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு, மயிரும் சதையும் களைந்து பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக இங்கே நடந்து வருகிறது. அந்நாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு செய்கிறது. முதல் மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் நாள் மறந்து போனேன்.

பாலாறு, பெயரில் பாலும் வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலுமாக இருக்கும் நதி. ஆயினும் 1903-ஆம் வருஷத்தில் அது பொங்கி வந்து இவ்வூரில் செய்த நாசத்தை இன்றும் மறக்காதவர்கள் உண்டு. தோல் தொழில் அந்த நதிக்கும் நிலத்தடி நீருக்கும் இழைத்த தீங்கைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் கடிந்து சொல்ல நேர்ந்தது. வேலூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து 2019 முதல் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த இந்த ஊரில், பாங்கொலியும் கோயில் மணியும் ரயிலின் ஊதலும் ஒன்றையொன்று தள்ளாமல் கலந்து கேட்கும். உருதுவும் தமிழும் ஒரே கடைத் திண்ணையில் பேரம் பேசும். 1919-ல் ஏற்பட்ட இஸ்லாமியாக் கல்லூரியில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள். பல வருஷங்களாக நான் உபாத்தியாயனாக இருக்கும் ஊர் இதுவே.

என் தம்பி தோல் தொழில் நுட்பம் பயின்றவன். ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் உத்தியோகம். 2024 ஜூனில் அவனுக்கு ஆபன்பாக்கில் வேலை கிடைத்தது. அதுவும் தோலுக்குப் பேர் போன ஊரே. தோலுக்கென்றே 1917-ல் ஒரு காட்சிசாலை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மணிக்கு மட்டும் விஷயம் தெரியாது.

மணி என்பது தம்பியின் நாய். ஐந்து வருஷங்களுக்கு முன், ஒரு மழைநாள் இரவில், பாலாற்றுப் பாலத்தடியில் நனைந்து நடுங்கிக் கொண்டிருந்த குட்டியை அவன் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். செம்பழுப்பு நிறம், சுருண்ட வால், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது பாதி மடிந்தும் இருக்கும். எடை பதினெட்டு கிலோ. குலம் கோத்திரம் கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் இல்லாத சுத்தமான நாட்டு நாய்.

“இதற்கென்ன யோசனை? ஏதாவது ஒரு தோல் ஷாப்பு வாசலில் விட்டுவிட்டால் பிழைத்துக் கொள்ளும்” என்றார் உறவினர் ஒருவர். நல்லவர்தான், தர்ம சிந்தனை உள்ளவர்தான். ஆனால் ஐந்து வருஷம் ஒரு வாசலைத் தன் வாசல் என்று நம்பிக் காத்த பிராணி, திடீரென்று ஒருநாள் வீதியில் நின்றால் அதன் மனத்தில் என்ன தோன்றும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு என்னிடம் வந்து, “அண்ணா, நான் இதைக் கூட்டிக்கொண்டுதான் போகப் போகிறேன். அதுவரை நீ வைத்திருப்பாயா?” என்று கேட்டான். சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டு போவது டிக்கெட்டு வாங்கி வண்டி ஏறுவது போன்றதன்று. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து செல்லும் நாய்க்கு வெறிநோய்க் கட்டுப்பாடு கடுமை. முதலில் தோலுக்கடியில் பதினைந்து இலக்க எண்ணுள்ள சிறிய சில்லு ஒன்றைப் பதிக்க வேண்டும். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு முப்பது நாளாவது கழிந்தபின் இரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி போதுமான அளவில் இருப்பதாக முடிவு வந்தாலும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். புறப்படும் தறுவாயில் சர்க்கார் மிருக வைத்தியரின் சர்டிபிகேட்டு வேறு. இதற்கெல்லாம் மேலாக, நாயின் பிரயாணத்துக்கும் எஜமானரின் பிரயாணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் அது வியாபாரச் சரக்காகக் கருதப்படும். ஆகவே தம்பி முதலில் போய் வீடு பிடித்து, டிசம்பர் விடுமுறையில் திரும்பி வந்து மணியை அழைத்துப் போவது என்று தீர்மானித்தோம்.

அவன் போன மறுவாரமே என் வீட்டுக்காரர் படியேறி வந்தார். “ஸார், நீங்கள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் நான் வாடகைக்கு விட்டது மனிதர்களுக்கு” என்றார். வீட்டை விட்டவர் அவர். வார்த்தையை மீறியவன் நான். ஒரு மாதத் தவணை வாங்கிக் கொண்டேன். வாணியம்பாடியின் வீதிகளை உண்மையாக நான் பார்த்தது அந்த ஒரு மாதத்தில்தான்.

கச்சேரி சாலைப் பக்கத்தில் ஒரு மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். என்ன உத்தியோகம்? எத்தனை பேர்? சைவமா, அசைவமா? விருந்தாளிகள் அதிகம் வருவார்களா? எல்லாவற்றிலும் நான் தேறினேன். கடைசியாக நாயைப் பற்றிச் சொன்னேன்.

“என்ன ஜாதி?” என்றார்.

“நாட்டு நாய்.”

அவர் முகம் சுருங்கியது. “அல்சேஷன், லாப்ரடார் என்றால் யோசிக்கலாம். தெரு நாயை மாடியில் ஏற்றினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?”

வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. துணியில் சுதேசியைப் போதித்த தேசத்தில், நாயில் மட்டும் சீமைச் சரக்குக்கே இன்னும் மதிப்பு. 2005-ல் தபால் இலாகா இந்திய நாய் ஜாதிகளுக்குத் தபால் தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையமும் அதில் இடம் பெற்றது. ஆனால் தபால் தலையில் இடம் பெறுவது வேறு, மாடியில் இடம் பெறுவது வேறு. இந்தப் பட்சபாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் ஜனங்களில் பெரும்பாலோர் வசிக்கும் சர்க்கார் அடுக்கு வீடுகளில், அங்கீகரித்த சிறு ஜாதிகளின் ஜாபிதாவில் உள்ள நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். கலப்பு நாய்களுக்கென்று பிற்பாடு ஒரு தனித் திட்டம் ஏற்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்தபடியாக, நியூ டவுன் பக்கத்தில் அடுக்கு வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசி, பிராணிகள் கூடாது என்ற விதியை எடுத்துக் காட்டினார். நான் உபாத்தியாயன் அல்லவா? எனக்கும் விதி தெரியும். இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட குறிப்புகளை எடுத்துச் சொன்னேன். பெரும்பான்மை வோட்டினால்கூட ஒரு சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. சிறிய நாய் சரி, பெரிய நாய் கூடாது என்று பிரிக்கவும் முடியாது என்பது அதன் கருத்து. காரியதரிசி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “வாஸ்தவம், ஸார். ஆனால் இந்த வீட்டின் சொந்தக்காரருக்கும் இஷ்டமில்லையே! அவர் வீட்டை உங்களுக்குத்தான் விடவேண்டும் என்று அந்தக் குறிப்பில் இருக்கிறதா?” என்றார். இல்லைதான். சட்டம் என்பது உள்ளே குடியிருப்பவனுக்குப் பிடிக்கிற குடை; வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவன் நனைந்துகொண்டுதான் நிற்க வேண்டும் என்று அன்று தெரிந்து கொண்டேன்.

மூன்றாவது இடத்தில் விதியும் இல்லை, விவாதமும் இல்லை. வயதான அம்மாள் ஒருவர். பின்கட்டில் இரண்டு அறைகள். கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நாய் என்றவுடன் அந்த அம்மாள் உள்ளே பார்த்துப் பேரனைக் கூப்பிட்டார். எட்டு வயதுப் பையன். கெண்டைக்காலில் தழும்பு. தெரு நாய் கடித்து, வரிசையாக ஊசி போட்டுக் கொண்டானாம். “இப்போதும் நாய் குரைத்தால் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறான், தம்பி” என்றார். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்ட காலத்திலிருந்து வெறிநாய்க் கடிக்கு வைத்தியம் நம் மாகாணத்திலேயே உண்டு. ஆயினும் குழந்தையின் பயத்துக்கு ஊசி கிடையாது. வணங்கிவிட்டு வந்தேன். மறுக்கிறவர் எல்லோரும் கல் நெஞ்சர் அல்லர் என்பதை நாய் வளர்ப்பவர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து தம்பியின் கடிதங்களும் இதே கதையைச் சொல்லின. ஒரு வீட்டைப் பார்க்க இருபது முப்பது பேர் படிக்கட்டில் வரிசையாக நிற்கிறார்களாம். ஒவ்வொருவரும் தங்கள் சம்பளச் சீட்டுகளுடன் ஒரு விவரப் பத்திரத்தையும் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். அதில், பிராணி உண்டா என்று ஒரு கேள்வி. ‘உண்டு’ என்று எழுதிய இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை. அங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. நாயும் பூனையும் அடியோடு கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் பொதுவாக அச்சிட்டிருந்தால் அது செல்லாது என்று 2013 மார்ச்சில் அந்நாட்டின் உயர்ந்த சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தரப்பாருடைய சௌகரியத்தையும், அண்டை வீட்டாருடைய சௌகரியத்தையும் சீர்தூக்கி அந்தந்த விஷயத்துக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்திலும் 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் சட்டம், குடியிருப்பவர் கேட்டால் வீட்டுக்காரர் தக்க காரணமின்றி மறுக்கலாகாது என்கிறது. எல்லாம் சரி. உள்ளே போனவனுக்கு இவை உதவும். வரிசையில் நிற்கும் இருபதாவது ஆளுக்கு?

தம்பியின் சிநேகிதர் ஒருவர், நாயைப் பற்றிச் சொல்லாமல் குடியேறிவிட்டு அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று யோசனை சொன்னாராம். தம்பி என் அபிப்பிராயத்தைக் கேட்டான். “உண்மையை மறைத்துக் கொண்டு குடியேறினால், மணி குரைக்கும் ஒவ்வொரு தடவையும் உனக்கு நெஞ்சு அடித்துக் கொள்ளும். முன்கூட்டிச் சொல்லிவிடு” என்று எழுதினேன். எழுதிய நான் அப்போது மணியுடன் வீதிக்கு வர ஒன்பது நாள் பாக்கி.

அந்த ஒன்பது நாளுக்குள் முஸ்லிம்பூரில் ஒரு வீடு கிடைத்தது. என் மாணவன் ஒருவனுடைய பாட்டனார் வீடு. நாற்பது வருஷம் டானரியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி, வெள்ளைக் குல்லாய், கையில் எப்போதும் ஒரு சிறு விசிறி. தோட்டத்தின் கோடியில் தனியாக ஓர் அறையும் சமையற்கட்டும் இருந்தன. அங்கே கேட்டுப் பயனில்லை என்றே எண்ணினேன். நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் தொழுகைக்கு ஆகாது என்பது அவர்கள் மார்க்கத்தின் விதி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒளிக்காமல் சொன்னேன்.

பெரியவர் சிறிது நேரம் விசிறிக் கொண்டே இருந்தார். பிறகு, “மாஸ்டர், எங்கள் தோல் ஷாப்பில் ராத்திரிக் காவலுக்கு எப்போதும் நாய் உண்டு. அதற்குச் சோறு வைத்தவன் நான்தான். காவலுக்கு நாய் வைத்துக் கொள்வதை எங்கள் மார்க்கம் தடுக்கவில்லை. தொழுகிற இடத்துக்கும் உளூச் செய்கிற தொட்டிக்கும் வராமல் இருந்தால் போதும்” என்றார்.

“நான் பார்த்துக் கொள்கிறேன், பாய்.”

“நீங்கள் பார்த்துக் கொள்வீர்கள். நாயும் பார்த்துக் கொள்ளுமா? அழைத்து வாருங்கள், அதையும் கேட்டுவிடுவோம்” என்று சிரித்தார்.

மறுநாள் மணியை நன்றாகக் குளிப்பாட்டி, கயிறு கட்டி அழைத்துப் போனேன். வாசற்படியில் உட்கார் என்றேன், உட்கார்ந்தது. பெரியவர் பத்தடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்து, மணி முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பரீட்சை முடிந்தது.

நிபந்தனைகளை ஒரு காகிதத்தில் எழுதினோம். நாய் தோட்டத்திலும் என் அறையிலும் மட்டும் இருக்க வேண்டும். தொட்டிப் பக்கம் மூங்கில் தட்டி ஒன்று நான் கட்டித் தர வேண்டும். தோட்டத்தைத் தினமும் காலையில் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி போட்ட அத்தாட்சியின் நகல் அவரிடம் இருக்க வேண்டும். இரவில் குரைத்து அண்டை வீட்டார் குறை சொன்னால் நான் நேரில் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதற்கு மேல் வாங்கலாகாது என்று 2019 முதல் அமலில் உள்ள நம் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. பெரியவருக்குச் சட்டம் தெரியாது, நியாயம் தெரியும். இரண்டும் ஒரே தொகையில் வந்து நின்றன.

நவம்பரில் மணியின் காத்திருப்புக் காலம் முடிந்தது. ஆனால் ஆபன்பாக்கில் வீடு கிடைத்தபாடில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலைக்குப் போகிறவனிடம் முந்திய எஜமானரின் நற்சான்று கேட்கிறார்கள் அல்லவா? மணிக்கும் ஏன் இருக்கக் கூடாது? பெரியவரிடம் சொன்னேன். அவர் உற்சாகமாகச் சம்மதித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த நாய் நான்கு மாத காலமாக என் தோட்டத்தில் வசிக்கிறது. கதவு, சுவர், செடி எதையும் கெடுக்கவில்லை. தட்டியைத் தாண்டி ஒருமுறையும் வரவில்லை. அண்டை வீட்டார் இரண்டு தடவை குறை சொன்னார்கள், இரண்டு தடவையும் பட்டாசு வெடித்த தீபாவளிச் சமயம் என்று இருந்தது அது. அந்தத் தீபாவளி விஷயத்தை விட்டுவிடலாமே என்றேன். “விடாதீர்கள், மாஸ்டர். குறையே இல்லாத நாய் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?” என்றார். கீழே உருதுவிலும் தமிழிலும் கையெழுத்திட்டார்.

தம்பி அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, மணியின் படத்தையும் ஊசிப் பத்திரத்தையும் சேர்த்து, தான் வாங்கவிருந்த நாய்ப் பொறுப்பு இன்ஷூரன்ஸைப் பற்றியும் எழுதி, பார்க்கப் போகும் வீட்டிலெல்லாம் கொடுத்தான். முதல் மூன்று வீடுகளில் பயனில்லை. நான்காவது வீட்டின் சொந்தக்காரி வயதான சீமாட்டி. பக்கத்துக்குப் பக்கம் திருப்பிப் படித்தவர், தீபாவளி என்றால் என்ன என்று கேட்டாராம். தம்பி சொன்னான். “எங்கள் ஊரிலும் புது வருஷ இரவில் வெடிப்பார்கள். என் நாயும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்” என்று சொல்லி, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாராம். நான் விட்டுவிடச் சொன்ன வரியே கதவைத் திறந்தது.

டிசம்பரில் தம்பி வந்தான். அவனைக் கண்டதும் மணி செய்த கூத்தை எழுதப் புகுந்தால் பக்கம் போதாது. சென்னையில் சர்க்கார் பிராணித் தடுப்புக்காவல் நிலையத்தில் பரிசோதனையும் சர்டிபிகேட்டும் முடிந்தன. மரமும் கம்பியும் கொண்ட பெட்டியில், என் பழைய வேஷ்டி ஒன்றை விரித்து மணியைப் படுக்க வைத்தோம். பாலத்தடியில் கிடந்த குட்டி ஆகாய விமானம் ஏறிற்று. அங்கே நகரசபைக்கு வருஷந்தோறும் நாய் வரி கட்டவேண்டுமாம். நம் மணி இப்போது வரி செலுத்தும் பிரஜை.

வெளிநாடு செல்லும் குடும்பங்கள் நம்மிடையே நாளுக்கு நாள் பெருகுகின்றன. நாய் வளர்ப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக் கூடியது இதுதான். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஊசியையும் இரத்தப் பரிசோதனையையும் ஆரம்பியுங்கள். போகும் நாட்டின் வாடகைச் சட்டத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். ஆனால் அதை வாசலிலேயே எடுத்து வீசாதீர்கள். நாயை ஒளிக்காதீர்கள். இப்போதைய வீட்டுக்காரரிடம் ஒரு நற்சான்று வாங்குங்கள்; அதில் குறையும் இருக்கட்டும். அப்படிப்பட்ட சான்று கிடைக்க வேண்டுமானால் இன்று குடியிருக்கும் வீட்டில் அதற்குத் தகுந்தபடி நடந்து கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு முயன்றும் அழைத்துப் போக முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவர் கையில் ஒப்படையுங்கள். வீதியில் மட்டும் விடாதீர்கள்.

நான் முஸ்லிம்பூர் வீட்டிலேயே இருந்துவிட்டேன். சில நாட்களுக்கு முன் மாலையில் பெரியவர் தோட்டத்துக்கு வந்து, மூங்கில் தட்டியைப் பார்த்துக் கொண்டு நின்றார். “இதை எடுத்துவிடட்டுமா, பாய்?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும், மாஸ்டர். தம்பி லீவில் வரும்போது அதையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் வருவார்” என்றார்.

தட்டி இன்னும் இருக்கிறது. அதன்மேல் இப்போது அவரைக் கொடி படர்ந்திருக்கிறது.